மூன்று மணி வெயிலுக்குப் போட்ட பந்தல்

இரண்டாயிரம் பேர் உட்காரும் கல்யாணத்துக்கு ஒரே ராத்திரியில் பந்தல் போட்டு, விடிவதற்குள் நாற்காலியைத் துடைத்து வரிசை கட்டியவன் நான். காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடலூர் வரைக்கும் எங்கே விசேஷம் என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் சிதம்பரத்தில் சொந்தக் குடோன், சொந்த வண்டி, சொந்த ஆட்கள். எல்லாம் இந்தக் கையால் வந்தது. அப்படிப்பட்டவனை, வீராணம் ஏரிக்கரைப் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டு, எதையும் பண்ணவிடாமல் என் வீட்டு ஆட்களே பாடாய்ப் படுத்தினார்கள்.

ஏரியிலிருந்து மெட்ராசுக்குக் குழாயில் தண்ணீர் போக ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் சின்னப் பெண் அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். அதற்குள் மூன்று வீட்டார் வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டார்கள். மூன்று பேரும் கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், “வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்” என்றார்கள். அதோடு சரி. நாலாவதாகக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தபோது அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“இனிமே தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேம்பா. பொது எடத்துல எங்கயாவது பாத்துப் பேசிக்கறோம். ஏரி பாக்க வந்த மாதிரி இருக்கணும், வேற யாருக்கும் தெரியக் கூடாது. இதுவும் கூத்தாச்சுன்னா மெட்ராசுல வேலை தேடிக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

சொன்னால் செய்கிறவள். பிடிவாதத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள். என் மனைவி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பையன் வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். பையனின் அக்காவைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பாடு, அப்படியே ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறோம் என்றார்கள். சாயந்திரம் ஐந்து மணி என்று நான் முடித்துவிட்டேன். ஒரே போனில் முடிந்த வேலை.

“அஞ்சா?” என்றாள் மனைவி. “ஞாயித்துக்கெழம நாலரைலேருந்து ஆறு ராகு காலம். அதுல போயா பொண்ணக் காட்டுவாங்க?”

“அப்ப ஆறுக்கு மேல வெச்சுக்கலாமா?”

“இருட்டுல என்னத்தப் பாக்கறது?”

அவர்கள் சாப்பிட்டு வரவே இரண்டரை ஆகிவிடும். ஆகவே மூன்று மணி என்று ஆயிற்று. ஆவணி மாதத்து மூன்று மணி. அந்தப் பூங்காவோ புதிது. அதில் நட்ட மரமெல்லாம் என் இடுப்பு உயரம்தான் இருக்கும். நிழலுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். இது ஒரு தப்பான கேள்வியா?

“ஆளுக்கொரு கொடை எடுத்துக்கலாம் மாமா” என்றான் என் மச்சான். மனைவியின் தம்பி. அவனை யாரும் கூப்பிடவில்லை. கார் அவனுடையது, தானே ஓட்டுவேன் என்று சேர்ந்துகொண்டவன்.

“ஏன்யா மச்சான், பந்தல்காரன் பொண்ணக் கொடைக்குள்ள வெச்சுக் காட்டுனா நாளைக்கு எவன்யா எனக்கு ஆர்டர் குடுப்பான்?”

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. “அப்பா, பந்தல் கிந்தல்னு ஏதாவது பண்ணுன, கார விட்டு எறங்கவே மாட்டேன்.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு குடோனுக்குக் கிளம்பிவிட்டேன். பதில் சொன்னால்தானே சண்டை.

அந்த வாரம் முழுக்க மனைவி ஒன்று சொல்வாள், மச்சான் ஒன்று சொல்வான். தண்ணீர் கேனா பாட்டிலா, பாட்டிலில் கொண்டுபோனால் அவர்களுக்கு டம்ளர் வேண்டாமா, முறுக்கு எடுத்தால் பெண் பார்க்கிற மாதிரி ஆகிவிடாதா, பிஸ்கட் என்றால் மரியாதைக் குறைச்சலா. ஆயிரம் வீட்டு விசேஷத்தை ஒற்றை விரலில் நடத்தியவனுக்கு முறுக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் மண்டை காய்ந்துவிட்டது. பொறுக்க முடியாமல் சனிக்கிழமை என் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். “சின்னதா ஒரு சாமியானா, பத்து நாற்காலி. நாளைக்கு மத்தியானம் ஏரிக்கரைல இருக்கணும். வீட்ல மூச்சு விடக் கூடாது” என்றேன். நம் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் நிற்பதை என் தொழில் ஏற்காது.

ஞாயிற்றுக்கிழமை கார் கரைமேல் ஏறியதும் நான்தான் முதலில் பார்த்தேன். பூங்காவுக்குள் கம்பம் நடக் கூடாது என்று காவல்காரர் சொல்லிவிட்டாராம். மேஸ்திரி வெளியே, ரோட்டோரமாக, போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும்படி போட்டிருந்தார். சின்ன சாமியானா இல்லை, பெரியது. முன்னால் தொங்கும் ஜாலரில் என் கம்பெனி பெயர், போன் நம்பரோடு. கீழே சிவப்புக் கம்பளம். அதற்கு மேல், ரிசப்ஷனில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற தங்கக் கலர் நாற்காலி இரண்டு! முன்வரிசையில், ஆடு மேய்க்க வந்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னாய்யா இது?” என்றேன் மேஸ்திரியிடம்.

“மொதலாளி ஊட்டு விசேஷம், அப்பிடியே உட்டுடுவமா?” என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய.

டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. “இன்னாண்ணே விசேஷம்?” என்று கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார். ஆடு மேய்க்க வந்தவர்களில் ஒருத்தி, “இன்னும் எலை போடல, வாங்க” என்று அவருக்குப் பதில் சொன்னாள்.

என் பெண் காரில் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள். மனைவி ஒரு பக்கம் கெஞ்சினாள், மச்சான் ஒரு பக்கம். அவள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, “மெட்ராசுக்கு என்னிக்குப்பா டிக்கெட் போடலாம்?” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பையன் வீட்டார் வந்து இறங்கினார்கள். அம்மா, அப்பா, பையன். பேசினபடி மூன்றே பேர். சாமியானாவைப் பார்த்ததும் யாரோ வேறு விசேஷக்காரர்கள் என்று நினைத்து, ஒதுங்கிப் பூங்கா வாசலில் வெயிலில் நின்றுகொண்டார்கள். நான் கையை ஆட்டுகிறேன். அவர்கள் எனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி.

பையன் மட்டும் போட்டோவில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு காரிடம் வந்தான். குனிந்து, “இங்க ஏதோ பங்ஷன் நடக்குது போல. கூட்டம் வரும். நாம அந்தப் பக்கமாப் போயிடலாமா?” என்று அவளிடம் கேட்டான்.

அவள் அவனையும் ஜாலரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அந்த பங்ஷனே நாமதாங்க” என்றாள். “எங்கப்பா போட்டது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

அவன் திரும்பி அந்தத் தங்க நாற்காலிகளைப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதைப் பார்த்து இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவு திறந்தது.

சரி, வந்து உட்காரப்போகிறார்கள் என்று நாற்காலியைத் தட்டிவிட்டேன். அவர்கள் சாமியானாவைத் தாண்டிக் கரையோடு நடந்து போனார்கள். யாருக்காக இவ்வளவும் போட்டேனோ அந்த இரண்டு பேரும் மொட்டை வெயிலில்! பந்தலில் நாங்களும், நான் போய்க் கூட்டிவந்து உட்காரவைத்த பையனின் அப்பா அம்மாவும், ஆடு மேய்க்கிறவர்களும். பையனின் அப்பா விசிறிக்கொண்டே, “நல்ல காத்து சார், நல்ல நெழலு” என்றார். அந்த மனுஷர் ஒருவர்தான் தொழில் தெரிந்து பேசினார்.

நாலரை ஆயிற்று, ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. அவர்கள் திரும்பவில்லை. மனைவி என் கைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்கு மேல் இரண்டு பேரும் முகம் சிவந்து, கருத்து வந்தார்கள். வந்த வேகத்தில், “அம்மா, நான் வந்து...” என்று என் பெண் ஆரம்பித்தாள்.

“வாய மூடுடி!” என்று மனைவி பாய்ந்தாள்.

“ஆமாம்மா, இப்ப ஒண்ணும் சொல்லாத” என்று பையனின் அம்மாவும் பதறினார். “ஆறு ஆவட்டும். அப்புறமாப் பேசிக்கலாம் சம்பந்தி.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் அந்தப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தான். என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, ஆறு மணிக்காக இரண்டு குடும்பமும் காத்திருந்தது. நான்தான் கேட்கிறேன், அந்தச் சாமியானா இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் இவர்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்? மச்சானின் குடைக்குள்ளேயா?

மேஸ்திரி மெதுவாக வந்து என் காதருகே குனிந்தார். “பிரிச்சிடலாங்களா?”

“ஆறு ஆவுறதுக்கு முன்னாடி ஒரு கம்பத்தத் தொட்ட,” என்றேன், “தொலைச்சுடுவேன்.”