சில்வர் அடித்த போல்ட்டுகள்

போல்ட்டின் தலையில் எண் இருக்கும். 8.8 என்றால் நல்ல பலம், 4.6 என்றால் அதில் பாதிகூட இல்லை. சிங்காநல்லூரில் நான் டிசைன் பார்த்த பம்ப் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் என்ற திமிர் இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பெயிண்ட் அடிப்பது அங்கே வழக்கம். அந்த வருடம் பூஜைக்கு வெளியூர் வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. போல்ட்டுகளுக்கும் சேர்த்துச் சில்வர் அடிக்கச் சொன்னது நான்தான். இரண்டு ரகமும் ஒரே தட்டில் பளபளவென்று கிடந்தன, எண் எதுவும் தெரியாமல்.

பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கும் பிராக்கெட்டைத் திரும்ப மாட்டும்போது ஃபிட்டர் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். மற்றவர்கள் மேடம் என்பார்கள். அவர் மட்டும் அம்மணி என்பார். எனக்கு அது பிடிக்காது.

"ஏனுங்க அம்மணி, தலையில நம்பரே தெரியலீங்க. சொரண்டிப் பாத்துப்போட்டு மாட்டட்டுங்களா?"

"நாளைக்குப் பூஜை, இன்னைக்குப் பெயிண்டைச் சொரண்டுவீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். "எடையப் போல மூணு மடங்கு தாங்குற மாதிரிக் கணக்குப் போட்டிருக்கேன். கணக்கு என் வேலை, முடுக்குறது உங்க வேலை." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குனிந்து முடுக்கினார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

என் மூன்று மடங்கு 8.8-க்கு. 4.6 போட்டால் அது ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்தான். செயின் ஒருமுறை வெட்டி இழுத்தால் அதுவும் போச்சு. பூஜை முடிந்த மூன்றாம் நாள் பாரம் தூக்கும்போது போல்ட் முறிந்தது. பம்ப் காஸ்டிங் அவருடைய வலது பாதத்தின் மேல் விழுந்தது. அவர் அலறிக்கொண்டிருக்க, நான் போல்ட்டைத்தான் தேடி எடுத்தேன். முறிந்த இடத்தில், ஜவ்வு மிட்டாயை இழுத்ததுபோலக் கழுத்து மெலிந்திருந்தது. தலையைச் சுரண்டினேன். 4.6.

விசாரணையில் கணக்குத் தாளை முதலாளியின் முன் வைத்தேன். தப்பே இல்லாத தாள். பொருத்தியவர் எண்ணைப் பார்க்கவில்லை என்று அறிக்கையிலும் எழுதினேன். அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

சில மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்தார். முதலாளியின் அறையில் நானும் இருந்தேன்.

"காலு போனது போகட்டுமுங்க. பாக்காம மாட்டுனவன்னு எங்கயும் வேலை குடுக்க மாட்டேங்கறாங்க. கூட நின்னவங்களும் வேலைக்குப் பயந்து வாயத் தொறக்கறதில்லீங்க. அன்னிக்கு நான் கேட்டேன்னு அம்மணி ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க சார்" என்றேன்.

"செரீங்க அம்மணி, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வசவு வைதிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஒவ்வொரு வரைபடத்திலும் 'போல்ட் தலையில் பெயிண்ட் அடிக்கக் கூடாது' என்று எழுதுகிறேன். இவ்வளவு கவனமான ஆளைப் பார்த்ததே இல்லை என்று புது முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நானும் மறுப்பதில்லை.