நூற்று முப்பத்தேழுக்கு மேல் எண்ணாத பெட்டி

நம்பினால் நம்புங்கள். நம்பாதவரைக் கட்டிப்போட்டு நம்பவைக்க எனக்குப் பொழுதில்லை. கீழ்வேளூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹஸ்ஸானுக்கு இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சும்மா கதை விடுகிறவர்கள் சொல்வது.

திருச்சியில் படிக்கும் அனீஸா முந்தின நாள் போன் செய்திருந்தாள். அவளுடைய தகப்பனார் முகம்மது யூசுப் துபாயில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்க இவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வளைகுடா கொடுத்ததெல்லாம் ஒரு மாடி வீடும், மூலையில் தூசி படிந்த பழைய கம்ப்யூட்டரும்தான். அவர் அங்கிருந்து கேமராவில் பேசியதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. இப்போது அது உயிர் பெற மாட்டேன் என்கிறது.

"அம்மாவுக்கு அத்தா குரல் வேணும்ண்ணே. எப்படியாவது எடுத்துக் குடுங்க. அம்மா இத்தாவுல இருக்காங்க, வெளிய வர மாட்டாங்க. நீங்க ஹால்ல உக்காந்து பாருங்க."

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டாள். இதை ஹஸ்ஸானுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் போனான். கதவு சாத்தியிருந்தது, தள்ளியதும் திறந்துகொண்டது. ஸலாம் சொன்னான். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் ஸலாம் வந்தது. காலேஜில் படிக்கும் பெண்ணின் தாய்க்கு ரொம்பவும் இளசான குரல். அவன் திரைப் பக்கம் பார்க்காமல், முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"இத்தா நேரத்துல தொந்தரவு பண்றேன் லாத்தா."

"நானுந்தான் இத்தா இருக்கேன்... நீங்க பாருங்க தம்பி."

யாரோடு சேர்த்து 'நானும்' என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு வேலையைப் பார்த்தான்.

பெட்டியைக் கழற்றியதுமே கோளாறு பிடிபட்டது. எவனோ ஒரு அதிமேதாவி, முதல் டிஸ்க் நிறைந்ததும் நூற்று அறுபது ஜிபி டிஸ்க்கை மாட்டி, பழையதை அதில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு நூற்று முப்பத்தேழு ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. குதிர் நிறைந்தால் நெல்லாவது வெளியே வழியும். இது வழியாது, சத்தமில்லாமல் ஆரம்பத்துக்கே திரும்பி, அங்கே கிடப்பதன் தலைமேல் புதியதை எழுதிவிடும்.

டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டித் தேடவிட்டான். ஒவ்வொன்றாக வந்தது.

"பாதிக்கு மேல தப்பிச்சிடுச்சு லாத்தா. ஆரம்பத்துல உள்ளதுதான் போச்சு. புதுசு அதும் மேல ஏறிடுச்சு."

ஃபேன் மட்டும் கிறீச்... கிறீச்...

"முதல்ல உள்ளது... ஒண்ணுகூடவா மிஞ்சல?"

அந்தக் குரலில் கசப்பு இருந்தது. மறுபடி தேடினான். அரைகுறையாக ஒரே ஒரு பதிவு சிக்கியது. ஓடவிட்டான்.

லேப்டாப் திரையில் ஓர் இளம்பெண். எதிர்முனையில் யூசுப்பின் குரல்: "அழுவாத புள்ள. பெருநாளைக்கு வந்துடறேன்."

"போன பெருநாளைக்கும் இதத்தான் சொன்னீங்க."

அதே இளசான குரல். அனீஸாவின் அம்மா கமருன்னிஸா அந்தக் காலத்தில் பேசியது என்று நினைத்துக்கொண்டான்.

பின்னால் விசும்பல் கேட்டது.

"இன்னொரு தடவ போடுங்க தம்பி."

போட்டான். இந்த முறை பதிவோடு சேர்ந்து, முதுகுக்குப் பின்னாலும் அதே வார்த்தைகள்...

"போன பெருநாளைக்கும் இதத்தான் சொன்னீங்க..."

"யாருகிட்ட தம்பி பேசுறீங்க?"

வாசலில் பக்கத்து வீட்டுக் காளியம்மாள். கையில் சாவி.

"கமருன்னிஸாவுக்குக் காலையில நெஞ்சுவலி. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. நாந்தான கதவப் பூட்டுனேன்! நீங்க எப்படி உள்ள..."

லேப்டாப்பைப் பார்த்தாள்.

"ஆத்தாடி... இது சைத்தூன் பீவில்ல? அந்த மனுசனோட மூத்த சம்சாரம். வருவாரு வருவாருன்னு திரை போட்ட அந்த ரூம்லயே கெடந்து செத்துச்சு. அடக்கத்துக்குக்கூட அவரு வரல. அடுத்த கல்யாணத்துக்கு மட்டும் ஓடி வந்தாரு."

ஹஸ்ஸான் உள்ளறைத் திரையை விலக்கினான்.

நெல் மூட்டைகள். வாசல் நிலையை அடைத்து, கூரை வரைக்கும்.

ஆள் நிற்க இடமே இல்லை.

போன் அடித்தது. அனீஸா. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டாளாம். மூத்தவளின் பதிவு ஒன்று கிடைத்ததை மட்டும் சொன்னான்.

"ஐயோ, அத அழிச்சிடுங்கண்ணே! அம்மா பாத்தா தாங்க மாட்டாங்க."

"சரிம்மா."

மூட்டைகளுக்குள்ளிருந்து... மெதுவாக...

"நீங்களுமா தம்பி?"