போய்விட்டதாக நான் சொன்ன மெயில்

கடத்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் எனக்குக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அப்போது இன்டர்நெட் என்றால் டெலிபோன் லைன்தான். என் அறையில் இருந்த மெயில் சர்வர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மோடம் வழியாகத் தானே டயல் செய்யும். சேர்ந்திருக்கும் மெயில்களை அனுப்பிவிட்டு, வந்திருப்பவற்றை எடுத்துக்கொண்டு லைனைத் துண்டிக்கும். அதை அமைத்தவன் நான்தான் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

டெஸ்பாட்ச் பிரிவில் டைப் செய்பவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். கணவருக்குப் பெங்களூரில் வேலை. மாதம் ஒருமுறை பொம்மிடியில் ரயிலிறங்கி வந்து, இரண்டு நாள் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போவார். நாலு வருஷமாக இதே கதை. அந்த வாரம் அந்தப் பெண்ணுக்கும் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் சம்மதம் என்று மெயில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்கு.

வியாழக்கிழமை காலை அதை டைப் செய்து அனுப்பிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"போயிருச்சுங்களா சார்? இல்லீன்னா சொல்லுங்க, தருமபுரி பஸ்ஸப் புடிச்சுப் போயி பிரௌசிங் சென்டர்ல அனுப்பிட்டு வந்தர்றேன்."

மோடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும்தான் பார்த்தேன்.

"போயிருச்சுங்க," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். மூன்று நாளாக நம்மிடமிருந்து ஒரு மெயிலும் வரவில்லை என்று வெளியூர்ப் பார்ட்டி போன் செய்திருக்கிறார். ஓடிப்போய் சர்வரைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அனுப்பிய அத்தனை மெயிலும் வரிசையில் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், போக வழி இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி. வியாழக்கிழமைக்கு நேரே டெஸ்பாட்ச் பெண்ணின் பெயரும் இருந்தது.

அப்போதே எழுந்து டெஸ்பாட்சுக்குப் போயிருக்க வேண்டும். இருபது அடி தூரம். போகவில்லை. மதியத்துக்குள் சரிசெய்துவிட்டால் அவருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மோடத்தை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். லைன்மேனை வரவழைத்து, கம்பத்தில் ஏற்றி இறக்கி, அந்த மனிதரிடம் எரிந்து விழுந்தேன். "லைனு நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க பொட்டியப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். பெட்டியைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, நான் அமைத்த பெட்டியாயிற்றே. ஒவ்வொரு மணிக்கும் டயல் ஆனது, லைன் கிடைத்தது, ஒரு மெயிலும் நகரவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நாசமாய்ப் போனவன்.

சனிக்கிழமை மதியம் தாண்டிப் போனது. திங்கட்கிழமைதான், மாற்ற வேறு எதுவும் மிச்சமில்லாமல், எது எந்த வழியில் போக வேண்டும் என்று சர்வர் வைத்திருக்கும் பட்டியலை எடுத்துப் படித்தேன். முதல் வரியே நான் எழுதியது. செவ்வாயன்று புது குடோனுக்கு ஒயர் இழுத்தபோது, வெளியே போகும் வழி எது என்று திரையில் கேட்ட இடத்தில் குடோன் கம்ப்யூட்டரின் எண்ணை நிரப்பியிருக்கிறேன். காலியாக விட வேண்டிய இடம். பரீட்சையில் எதையும் காலியாக விடாமல் எழுதிப் பழகிய கை. அந்த வரி இருக்கும்வரை மோடத்தின் வழியை சர்வர் சீந்தவே சீந்தாது. ஆறு நாளாக எல்லா மெயிலும், கூழ் டின்கள் அடுக்கிய கட்டடத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தன. வரியை அழித்தேன். இரண்டே நிமிஷத்தில் வரிசை காலியானது.

மறுநாள் பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். உங்கள் மெயில் திங்கட்கிழமைதான் கிடைத்தது, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"வெள்ளிக்கெழமையே தெரியுங்களா?"

தலையாட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தாளை நாலாக மடித்தார்.

"பஸ்ஸு இருந்துச்சுங்களே சார்," என்றார்.