“எறங்கி வந்துறட்டுமா?” என்று அவர் கேட்டார்

அன்று அவர் என்னிடம் கேட்டது யோசனையா, அல்லது ‘வந்துவிடுங்கள்’ என்ற ஒரு சொல்லை மட்டுமா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவரைப் போர் நடக்கும் கடலுக்குள் போகச் சொன்னவள் நான்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கப்பல் போக வேண்டிய வழியை வரைபடத்தில் கோடாகப் போடுவது அவர் வேலை. லாரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் ஓட்டுகிற எங்கள் புதுச்சத்திரத்து உறவில், கடலுக்குப் போன முதல் ஆள். இன்னும் சில மாதங்கள் கப்பலில் இருந்தால் அடுத்த தேர்வு எழுதலாம். பிறகு முதன்மை அதிகாரி, ஒருநாள் கேப்டன்...

கடைசித் துறைமுகத்திலிருந்து வீடியோவில் பேசினார். அடுத்த பயணம் போர் நடக்கும் பக்கமாம். விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்று கேப்டன் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். எங்கள் மகளுக்குத் திரையில் வரைபடத்துக் கோட்டைக் காட்டி விளையாடிவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“ஏங்கண்ணு, எறங்கி வந்துறட்டுமா?”

நான் லாரி ஓட்டுநரின் மகள். லோடு ஏற்றிய வண்டி பாதியில் திரும்புவது எங்கள் வீட்டில் பெரிய அவமானம். வெள்ளமோ கலவரமோ, அப்பா எங்கிருந்து கூப்பிட்டாலும் அம்மா ஒன்றைத்தான் சொல்வாள்: எறக்கிட்டு வாங்க. கப்பலையும் லாரி என்றே நினைத்துவிட்டேனா?

“பாதியில வந்தா பரிச்சை தள்ளிப் போயிருமுங்க. முடிச்சுட்டே வாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “செரி, வாரேன்.”

அந்தக் கோட்டை அவரே போட்டிருப்பார்! அதன் மேலேயே கப்பல் தாக்கப்பட்டது. கீழே எந்திர அறையில் இருந்தவர்கள் தப்பினார்கள். மேல்தளத்தில் நின்ற கேப்டனும் அவரும் கிடைக்கவே இல்லை.

அவருடைய அம்மா, என் அத்தை, அன்றிலிருந்து கேப்டனைச் சபிக்கிறார். “எம்பட பையனை ஒரு வார்த்தை கேக்காமக் கூட்டிட்டுப் போயிட்டான்” என்று துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். ஆம், தலையாட்டுகிறேன்! இறந்துபோன ஒரு நல்ல மனிதர்மேல் என் பழியை ஏற்றிவிட்டு...

அதே அத்தைதான் என் தட்டில் சோறு போட்டு எதிரில் உட்காருகிறார். “உண்ணு சாமி. உன்னையும் எழக்க என்னால ஆகாது.” அந்தச் சோறு எப்படி உள்ளே இறங்கும்?

நெடுஞ்சாலையில் லாரிகள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் ஒன்று நின்றால் மகள் வாசலுக்கு ஓடுகிறாள். அது எப்போதும் வேறு யாரோ ஒருவருடைய அப்பாதான்.

போன வாரம் கேப்டனின் மனைவி தூத்துக்குடியிலிருந்து பேசினார். அத்தையின் சாபம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. “அவுக எல்லார்ட்டயும் கேட்டுட்டுத்தாம்மா போனாக. அத நீயாவது சொல்லு” என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்க வருகிறார்.

சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. கேப்டன் கேட்டார் என்றால், பிறகு ஏன் என் பையன் இறங்கவில்லை என்பார் அத்தை. அதற்கு நான் அல்லவா பதில்!

சொன்னால், அத்தைக்குத் துணையாய் மிஞ்சியிருக்கும் மருமகளையும் பறித்தவள் ஆவேன். சொல்லாவிட்டால், கணவனை இழந்த அந்த அம்மா எங்கள் வாசலில் நின்று வசவு வாங்குவார்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். அத்தை எதிரில் உட்கார்ந்து சோறு போடும்போது, முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.