புதுப் பலகைக்குக் கீழே

வீடு பார்க்கப் போகும் சனிக்கிழமைகளில் நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெளிக்கிடுவோம். ஏஜென்ட் எங்களைக் கண்டதும், இவர்கள் வாங்கக்கூடிய ஆட்கள் என்று நினைக்க வேண்டும் என்பது மனைவியின் கணக்கு. அப்படி உடுத்திக்கொண்டு போய், யாரும் கேட்காமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைப்போம். வீடு பார்க்க வரும் மற்றவர்கள் சப்பாத்தோடு நேரே உள்ளே நடப்பார்கள். நான் காலுறையையும் கழற்றிவிடுவேன். புதிதாகப் பொலிஷ் போட்ட தரையில் காலுறை வழுக்கி, விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வேனோ என்ற பயம். குவேக்கர்ஸ் ஹில் என்ற இடத்தில் பார்த்த வீட்டுக்குள் நான் வெறுங்காலோடு போனதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பழைய வீடு. யாரோ வாங்கித் திருத்தி விற்கிறார்கள். சுவரெல்லாம் வெள்ளை, குழாயெல்லாம் கறுப்பு. மனைவி சமைக்கிற குசினியில்கூட நிற்கவேயில்லை. பின்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு மரத்தளத்துக்குப் போய்விட்டாள். இந்த நாட்டில் அதை டெக் என்பார்கள். காணி பின்பக்கம் சரிவாக இறங்குவதால் டெக் ஓராள் உயரத்தில் நின்றது.

அவள் ஏன் அங்கே ஓடினாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வாடகை பிளாட்டில் மீன் பொரித்தால் மேல்வீட்டுக்காரி ஜன்னலை அடித்துச் சாத்துவாள். அந்தச் சத்தத்துக்குக் கூச்சப்பட்டு, இந்த நாட்டுக்கு வந்த காலம் முதல் மனைவி மீனைக் குழம்பாக மட்டுமே வைக்கிறாள்.

“இந்த மூலையில காஸ் அடுப்பு. அங்கால இருக்கிறதுக்குக் கதிரையள். உங்கட தங்கச்சி குடும்பம், எங்கட ஆக்கள் எல்லாரும் வந்து நிண்டாலும் இடம் காணும்” என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்துக் கனகாலம்.

நான் அவளை நோக்கி நடந்தேன். நடுவில் வெறுங்காலை வைத்தபோது பலகை என் பாதத்தோடு கொஞ்சம் இறங்கியது. காலை எடுத்ததும் மேலே வந்தது. பின்னுக்குப் போய் மறுபடி மிதித்தேன். மறுபடி இறங்கியது.

“இஞ்சாரும், இது ஆடுது.”

“தொடங்கியாச்சு. செவன் ஹில்ஸ் வீட்டில சுவர் வெடிப்பெண்டு சொல்லித்தான் விட்டனீங்கள். வாங்கின சனம் அங்க சந்தோசமா இருக்கினம். போன மாசம் அவையின்ர பிள்ளையின்ர பிறந்தநாளுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டும் வந்தனீங்கள்.”

போனது உண்மைதான். அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றுதான் கேக் சாப்பிட்டேன்.

ஏஜென்ட் பையன் தமிழ்நாட்டுக்காரன். சிரித்த முகம். “மரம்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் அங்கிள். எல்லாமே புதுசு. பலகை வாசனை கூட இன்னும் போகல பாருங்க.”

“பலகை புதுசு தம்பி. கீழ?”

“கீழயும் அதேதான்.”

“பாத்தனீங்களோ?”

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். “ஆன்ட்டி, இன்னொரு ஃபேமிலி ரெடியா இருக்காங்க. இன்னிக்கே நீங்க சரின்னு சொல்லிட்டா உங்களுக்குத்தான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். இன்றைக்கு நான் தலையாட்டினால் போதும், அவளுக்கு அந்த மூலை கிடைத்துவிடும். நான் படி இறங்கிக் கீழே போனேன்.

டெக்கின் கீழ்ப்பக்கம் முழுவதையும் மரப் பின்னல் தட்டியால் அடைத்து, அதற்கும் நல்ல வர்ணம் பூசியிருந்தார்கள். ஒரு மூலையில் சின்னக் கதவு, கொளுக்கி போட்டிருந்தது. கழற்றினேன். “அங்கிள், உள்ள பாம்பு கீம்பு இருக்கப் போகுது” என்று மேலேயிருந்து பையன் சொன்னான். பாம்பைப் பற்றி நான் அவனுக்கு முன்னமே யோசித்துவிட்டேன். ஆனாலும் குனிந்து உள்ளே போனேன்.

உள்ளே ஈர மண் வாசம். போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். மேலே புதுப் பலகைகள் சிவப்பாக மினுங்கின. அவற்றைத் தாங்கிய சட்டங்கள் கறுத்து, பழையதாக இருந்தன. பழைய டெக்கின் எலும்பை அப்படியே வைத்து, மேலே தோலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வெளியே தெரிகிற ஓரச் சட்டத்துக்கு மட்டும் வர்ணம். வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய நீளச் சட்டத்தில் ஒரு போல்ட்கூட இல்லை, வெறும் ஆணிகள்தான். அவையும் துருப்பிடித்து, சட்டம் சுவரைவிட்டு விரல் போகிற அளவுக்கு விலகியிருந்தது. நடுத் தூண் தோட்டத்துக் கல்லொன்றின்மேல் நின்றது. கல் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். அதனால் என் பயத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. வேலையிடத்தில் சாமான் அடுக்கும் மரப் பலேட்டுகள் ஊறிப்போனால், அவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்துத்தான் ஒதுக்குவோம். கையில் இருந்தது கார்ச் சாவி. நடுச் சட்டத்தில் வைத்து அழுத்தினேன். பாதிச் சாவி உள்ளே போனது. அதை நம்பினேன்.

“போட்டிருக்கிற சேட்டெல்லாம் மண். ஆக்கள் பாக்கினம், வெளிய வாங்கோ!” தட்டிக்கு அந்தப் பக்கம் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“நீர் உள்ள வந்து பாத்தாத்தான் நான் வெளிய வருவன்.”

“உங்களுக்கு விசரோ? நான் சேலையோட நிக்கிறன்.”

“நான் போகமாட்டன். இரவுக்கும் இஞ்சதான்.”

என் வாழ்க்கையில் அவளிடம் அப்படி அடம்பிடித்ததில்லை.  அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, திட்டிக்கொண்டே குனிந்து வந்தாள். சாவியை அவள் கையில் கொடுத்தேன். குத்தினாள். இழுத்தாள். தேத்தண்ணியில் ஊறின ரஸ்க்போல மரம் உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. திட்டு நின்றுவிட்டது.

அப்போதுதான் மேலே சப்பாத்துச் சத்தம். பலகை இடுக்கால் பார்த்தேன்: ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், புருசன் பெண்சாதி, கைக்குழந்தை. அவர்கள் நடக்க நடக்கச் சட்டம் முனகி, தூசி மனைவியின் தலையில் கொட்டியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் அடுப்பு வைக்க நினைத்த அந்த மூலைக்குத்தான் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஐயோ, அந்த ஆக்களை இறக்குங்கோ!” என்றாள். நான் வெளியே வருவதற்குள் அவளே போய் ஏஜென்டின் முன்னால் நின்றாள். “தம்பி, முதல்ல அவையளைக் கீழ கூப்பிடும். பிறகு கதைப்பம்.”

“ஆன்ட்டி, ப்ளீஸ், கொஞ்சம் மெதுவா. எல்லாருக்கும் கேக்குது.”

“கேக்கட்டும்.”

நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். ஆங்கிலத்தில் நீளமாகச் சொல்ல வராது. ஏஜென்ட் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் அந்தப் புருசனைக் கையால் கூப்பிட்டு, கீழே கொண்டுபோய், சாவியைக் கொடுத்து, குத்திப் பார் என்று காட்டினேன். அவர் குத்தினார். சாவியைத் திருப்பித் தந்துவிட்டு, மேலே ஓடிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

மனைவி ஏஜென்டிடம் சொன்னாள்: “இதைக் கழட்டிப் போட்டு, அடியில இருந்து புதுசாக் கட்டி, சரியெண்டு இன்ஸ்பெக்டரிட்ட எழுதி வாங்கித் தந்தா வாங்கிறம். இல்லாட்டி எங்களுக்கு வேண்டாம்.”

“ஓனர் கிட்ட கேக்கறேன் ஆன்ட்டி” என்றான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. டெக்குக்குப் போகும் பின்கதவை இழுத்துச் சாத்தி, யாரும் போகாதபடி முன்னால் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தான். அந்தளவுக்கு நல்ல பையன்தான்.

காரில் வரும்போது அவள் தலையிலிருந்த தூசியைத் தட்டவேயில்லை. வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பிழை செய்துவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, “அந்த மூலை நல்ல மூலை” என்றாள். “ஓம்” என்றேன்.  திங்கட்கிழமை ஏஜென்ட் எங்களுக்குப் போன் எடுத்தான். ஓனர் கட்டித் தரமாட்டாராம். “அப்ப சரி தம்பி” என்று சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வெளிக்கிட்டோம். சேலை பெட்டிக்குள் போய்விட்டது, அவள் சுடிதார் போட்டிருந்தாள். இது சமதரையில் நின்ற வீடு. பின்பக்கம் டெக் இல்லை, சீமெந்துத் தரைதான், ஒரு மூலையில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பம்.

வாசலில் நின்று வேலிக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “இதில விழுறதுக்கு ஒண்டும் இல்லை. இப்ப சந்தோசமோ?”

“கூரை இருக்கெல்லோ” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றி அதற்குள் திணித்துவிட்டு, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.