மாமா பிடித்த கயிறு

மாமாவுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பழகிய குரலோடு ஓய்வுபெற்று, தொண்டைமானாற்றில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் எங்கள் வீட்டில் தேத்தண்ணி கேட்டால் சந்திக் கடைக்காரரும் கேத்தலை அடுப்பில் வைப்பார் என்று அப்பா சொல்லுவார். அம்மாவின் ஒரே தமையன் என்பதால், அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்லுவார். இப்போது மாமா உயிரோடு இல்லை. சந்திவரைக்கும் ஒழுங்கை அமைதியாக இருக்கிறது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா வீட்டோடு பட்டறை வைத்து, வள்ளத்து எஞ்சின்களுக்கு வேண்டிய இரும்புத் தண்டுகளைக் கடைந்து கொடுப்பவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது இரும்பு கடையும் பெரிய லேத் ஒன்று லொறியில் வந்து எங்கள் முற்றத்தில் இறங்கியது. அதை உள்ளே கொண்டுபோய்ச் சீமெந்து மேடையில் இருத்த வேண்டும். அடியில் பைப்புகளைச் செருகி, அலவாங்கால் நெம்பி நெம்பித்தான் உருட்டலாம். தலைப்பாரமான சாமான், சரிந்தால் ஆள் மிஞ்சாது. அதனால் அப்பா ஒரே ஒரு சட்டம் போட்டார்: கட்டளை ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

மாமா நிற்கிற இடத்தில் அது நடக்கிற காரியமா? அப்பா குனிந்து பைப் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற மாமா "விடு, விடு" என்று முழங்கினார். அலவாங்கைத் தாங்கி நின்ற, பட்டறையில் வேலை செய்த அண்ணை, அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார். லேத் தொம்மென்று இறங்கியது. பைப் நசுங்கியது, அப்பாவின் விரல்கள் மயிரிழையில் தப்பின. எங்கள் வீட்டுச் சோறே அந்த விரல்களில்தான் இருந்தது. மாமாவின் முகம் வெளிறிப்போயிற்று.

அப்பா ஏசவில்லை. லேத், பட்டறை வாசலைத் தாண்டியதும் ஒரு கயிற்றை யன்னலால் வெளியே விட்டு, பூவரசில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை மாமாவிடம் கொடுத்தார்.

"மச்சான், லேத் சரிஞ்சால் உந்தக் கயிறுதான் காப்பாத்தும். கப்பலிலை நிண்ட உங்களை விட்டால் ஆர் பிடிக்கிறது? வாய் திறந்தால் கவனம் பிசகிப்போகும்."

என்னையும் அவரோடு வெளியே நிற்கச் சொன்னார். மாமா பிடித்தார். வாயே திறக்கவில்லை. உள்ளே அப்பா கட்டளையிடும் குரல் கேட்கும்போதெல்லாம் கயிற்றை இன்னும் இறுக்கினார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கயிற்றின் மறுமுனை லேத்தில் இல்லை. யன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது.

மத்தியானத்துக்குள் லேத் மேடையேறி, நட்டுகள் இறுக்கி, தேங்காயும் உடைத்தாயிற்று. மச்சான் கயிறு பிடித்திராவிட்டால் காரியம் கெட்டிருக்கும் என்று அப்பா சாப்பாட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மாமா பெருமையாகத் தலையாட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது. கை கழுவக் கிணற்றடிக்குப் போனவரின் பின்னாலேயே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் பிள்ளை," என்றார். அவரிடம் அப்படி ஒரு மெல்லிய குரல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "பாரம் இருக்கிற கயிறு கையோடை கதைக்கும். உது கதைக்கேல்லை. அப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

அப்பா மாமாவை ஏய்க்கிறார், மாமா அப்பாவை ஏய்க்கிறார், இரண்டும் தெரிந்த கெட்டிக்காரி நான் ஒருத்திதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னேரம் அம்மா மாமாவின் உள்ளங்கைகளில் நல்லெண்ணெய் தடவிவிட்டார். இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. பாரமே இல்லாத கயிற்றை எதற்காக அப்படி இறுக்கிப் பிடித்தார் என்பது மட்டும் இந்தக் கெட்டிக்காரிக்கு விளங்கவில்லை.