முதுகில் வைத்த காது

"மூச்சை இழு. பிடிச்சு வைக்காதே, விடு" என்று சொல்லிக்கொண்டே டெய்லரம்மா அந்தச் சிறுமியின் மார்பைச் சுற்றி டேப்பைப் போடுகிறார். அளவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, சிறுமியின் முதுகில் காதை வைக்கிறார். சிறுமிக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிகிறாள்.

"ஆடாதே கண்ணு. உள்ள ரயில் வருதான்னு பார்க்கிறேன்."

ரயில் வரவில்லை. டெய்லரம்மாவின் முகம் தெளிகிறது. அப்புறம்தான் அளவு ஞாபகம் வந்து, மறுபடி டேப்பைப் போடுகிறார்.

பள்ளிச் சீருடை தைப்பது அவர் தொழில். கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே அரை நாள் பேசுவார், ஒரு வார்த்தை பிசகாது. எந்தப் பிள்ளைக்கும் மார்பில் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். "தொளதொளன்னு இருக்கே" என்று தாய்மார்கள் முனகினால், "இருக்கட்டும், மூச்சு விட இடம் வேணும்ல?" என்பார்.

காது விஷயத்தில் அவரைப் பெரிய நிபுணர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை சட்டைக்கு அளவு கொடுக்க வந்த விளையாட்டு வாத்தியாரைப் பிடித்து, "உங்களுக்கு இழுப்பு இருக்கு சார், உடனே டாக்டரைப் பாருங்க" என்று அடித்துச் சொன்னார். மனிதர் மழைக்குப் பயந்து தெருமுனையிலிருந்து ஓடி வந்திருந்தார். "இவ காதுக்கு ஃபேன் ஓடினாலும் இழுப்புதான்" என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தக் காது பழகியது மகளின் முதுகில். மகள் வயிற்றில் இருந்தபோது டெய்லரம்மாவுக்குச் சோற்று வாசனையே ஆகவில்லை. மீன் என்று யாராவது பேச்செடுத்தாலே குமட்டும். டீயும் பன்னுமாக மாதங்களை ஓட்டினார். பிள்ளை நோஞ்சானாகப் பிறந்தது. பதறிப்போய், அழுதாலும் பால், அழாவிட்டாலும் பால் என்று ஊட்டித் தள்ளினார். கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, இன்று தைத்த சட்டை நாளைக்குப் பற்றாமல் போனது. தெருவே மெச்சியது. நடை பழகிய பிறகு ஒரு சளியின்போது பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. அதற்கு ரயில் என்று பெயர் வைத்தார்கள். அந்த ரயில் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. மகளை மடியில் உட்காரவைத்துப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, முதுகில் காதை வைத்தபடியே டெய்லரம்மா உறங்கிப்போவார்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். தாய் சாப்பிடும் சாப்பாடு, குழந்தை எடை குறைந்து பிறப்பது, பிறந்த பின் மளமளவென்று எடை ஏறுவது எல்லாவற்றுக்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம். பரம்பரை, புகை, நெஞ்சுச் சளி என்று இன்னும் எத்தனையோ சேரும். "இதுதான் காரணம்னு யார் மேலயும் கை காட்ட முடியாதும்மா. உங்க மேலயும்தான்" என்றார். டெய்லரம்மா முதல் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். பட்டினி போட்டதும் நான், திணித்ததும் நான் என்று தன் மேல் தானே கை காட்டிக்கொண்டார்.

மகள் வளர வளர இழுப்பு தணிந்தது. இன்ஹேலர் கைப்பையின் அடிக்குப் போனது. வேலை, கல்யாணம், ஊரின் மறுகோடியில் வீடு. இப்போது மகள் வயிற்றில் பிள்ளை. சேதி கேட்ட நாள் முதல் டெய்லரம்மா மீன், கீரை, முட்டை, பழம் என்று டப்பா டப்பாவாகப் பஸ்ஸில் சுமந்துபோனார். ஒருநாள் மகள் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"மிச்சம் வைக்காம சாப்பிடுடி. பொறக்கிறது உன்னை மாதிரி ஆகிடக் கூடாதில்ல."

வாயை விட்ட பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்பது அவருக்கே உறைத்தது.

"என்னை மாதிரின்னா? நான் என்ன தப்பா தைச்ச சட்டையாம்மா? இதையாவது ஒழுங்கா தைக்கலாம்னு பார்க்கிறியா?"

அதன் பின் மகள் இந்தப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் "ம்", "சரி", "வைக்கிறேன்", அவ்வளவுதான். டெய்லரம்மா ஏங்கிப்போனார். அந்த முதுகுக்காகவே ஏங்கினார். இத்தனை வருடம் அங்கே காதை வைத்தது ரயிலைக் கேட்கவா, மகளைக் கட்டிக்கொள்ளவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. சீருடைக்கு வரும் சிறுமிகளின் முதுகில் காது வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கியது. "நீயே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"போனா, ஊட்ட வந்துட்டாள்னு நினைப்பா."

"வெறுங்கையோட போ."

"வெறுங்கையோட எப்படிங்க போறது?"

போன வாரம் மகளே வந்தாள். வேலைக்குப் போட்டுப் போகும் சட்டை வயிற்றில் பிடிக்கிறதாம். "கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா?" என்று யாரோ போலக் கேட்டாள். அவள் வீட்டு வாசலிலேயே இரண்டு டெய்லர் கடை இருக்கிறது. வீட்டுக்காரர் அதைச் சொல்ல வாயெடுத்தார். டெய்லரம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வயிற்றைச் சுற்றி அளந்தார். மார்பைச் சுற்றி அளந்தார். புதிதாக வந்த வாடிக்கைக்காரிக்குச் செய்வதைப் போல, கையை நீட்டி, மேலே படாமல் அளந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிடக் கூடாதே என்று உதட்டில் ஒரு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்தார். அரை நாள் பேசுகிறவருக்கு அன்று அந்த ஒரு ஊசியே போதுமாக இருந்தது. முதுகை அளக்கத் திரும்பி நின்ற மகள், கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை மட்டும் மூச்சை இழுக்கச் சொல்ல மாட்டியா?"

மகள் பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மெல்ல மூச்சை இழுத்தாள்.

டெய்லரம்மா உதட்டிலிருந்த குண்டூசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.